ஹார்ட்கோர் பங்க் இசையும் வானொலியும்: “வானொலிக்கு இதில் என்ன பங்கு?”

வாசகர் ஒருவர் எழுப்பிய கேள்வி:
“ஹார்ட்கோர் பங்க் என்ற அதிவேக, ஆவேச ராக் இசையை வளர்த்தவை சிறு நிறுவனங்களின் இசைத்தட்டுகளும் சிறுபத்திரிகைகளும் மட்டும்தான். எந்த வானொலி நிலையம் அந்தச் சத்தத்தை ஒலிபரப்பத் துணிந்தது? வானொலிக்கு இதில் என்ன பங்கு? பழைய ஆட்கள் வானொலியை நினைத்து உருகுவது வெறும் ஏக்கம்தான் என்று நினைக்கிறேன்.”

பிப்ரவரி 2, இரவு 11.40

முற்றிலும் தவறு. நீங்கள் சொல்லும் சிறுபத்திரிகையே வானொலியின் வயிற்றில் பிறந்ததுதான்.

‘மேக்ஸிமம் ராக்கன்ரோல்’ என்றதும் எல்லோருக்கும் மலிவுத் தாளில் பொடி எழுத்தில் அச்சான பத்திரிகைதான் நினைவுக்கு வருகிறது. பத்திரிகை வந்தது 1982-ல். அதே பெயரில் வானொலி நிகழ்ச்சி 1977-லேயே தொடங்கிவிட்டது. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் கே.பி.எஃப்.ஏ நிலையம், 94.1 பண்பலை. நடத்தியவர் டிம் யோஹனன். ஜெஃப் பேல், ரூத் ஷ்வார்ட்ஸ் இருவரும், டெட் கென்னடிஸ் குழுவின் பாடகர் ஜெல்லோ பியாஃப்ராவும் உடன் அமர்ந்து பேசினார்கள். ஐந்து ஆண்டுகள் அவர்கள் ஒலிவாங்கி முன்னால் பேசியதுதான் பிறகு அச்சுக்குப் போனது. முதல் இதழ் தனியாகக்கூட வரவில்லை. வடக்கு கலிஃபோர்னியாவையும் நெவாடாவையும் சேர்ந்த 47 குழுக்களின் பாடல்களைத் தொகுத்த இரட்டை இசைத்தட்டின் உறைக்குள் இணைப்பாக வந்தது.

இந்த 47 குழுக்களை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? நிகழ்ச்சிக்குக் கேசட் வந்து குவிந்துகொண்டிருந்தது. வானொலி இருந்ததால்தான் அனுப்ப ஒரு முகவரி இருந்தது.

பிப்ரவரி 3, காலை

நேற்று கோபத்தில் எழுதியதில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். “எந்த நிலையம் துணிந்தது” என்று கேட்டீர்கள். துணிச்சல் பாதி, பணம் வந்த வழி பாதி.

கே.பி.எஃப்.ஏ 1949-ல் லூயிஸ் ஹில் தொடங்கிய நிலையம். விளம்பரம் கிடையாது, நேயர்கள் தரும் சந்தாவில் ஓடியது. நேயர் பணத்தில் ஓடும் நிலையம் விளம்பரதாரருக்குப் பயப்பட வேண்டியதில்லை. அதன் ஒலிபரப்பியும் சின்னதல்ல, 59,000 வாட். சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதி முழுவதும், மலைக்கு அப்பால் இருந்த விவசாய ஊர்களிலும் கேட்கும். பங்க் குழு ஒன்றுகூட இல்லாத ஊரில், படுக்கையறையில் உட்கார்ந்து ஒரு பதினைந்து வயதுப் பையன் இதைக் கேட்க முடிந்தது.

விளம்பரத்தில் ஓடிய நிலையத்திலும் ஒரு விதிவிலக்கு உண்டு. பாசடேனாவின் கே.ஆர்.ஓ.க்யூ நிலையத்தில் ராட்னி பிங்கன்ஹைமர் 1976 ஆகஸ்டில் நிகழ்ச்சியைத் தொடங்கினார். வார இறுதி இரவில் மெல்லிய, தயங்கும் குரலில் பேசுவார். அந்தக் குரலுக்கும் அவர் போடும் பாட்டுக்கும் சம்பந்தமே இருக்காது. பிளாக் ஃபிளாக், சர்க்கிள் ஜெர்க்ஸ், அடோலசென்ட்ஸ், ஏஜென்ட் ஆரஞ்சு குழுக்கள் எல்லாம் அவர் வழியாகத்தான் தெற்கு கலிஃபோர்னியாவின் புறநகர் வீடுகளுக்குள் நுழைந்தன. 1980-ல் அவருடைய நிகழ்ச்சியின் பெயரிலேயே ஒரு தொகுப்புத் தட்டு வந்தது. நீங்கள் சொன்ன இசைத்தட்டு கட்சியும் இங்கே வானொலிக்குள் வந்துவிடுகிறது.

பிப்ரவரி 3, நள்ளிரவு

“நீங்கள் என்ன, கலிஃபோர்னியாவிலா இருந்தீர்கள்?” என்று கேட்டிருக்கிறார் ஒருவர். இல்லை. மதுரையில் இருந்தேன். எனக்கு இந்த இசை வந்த வழி சிற்றலை (ஷார்ட்வேவ்) வானொலி.

அப்பாவுக்குப் பிபிசியின் தமிழோசை கேட்கும் பழக்கம். அவர் தூங்கப் போன பிறகு டிரான்சிஸ்டர் என் கைக்கு வரும். பிபிசி உலக சேவையில் அறிவிப்பாளர் ஜான் பீலுக்கு வாரம் ஒரு அரை மணி நேரம் உண்டு. லண்டனில் பிபிசியின் ‘ரேடியோ 1’ நிலையத்தில் அவர் நடத்திய பெரிய நிகழ்ச்சியின் சிறிய தம்பி அது. மொட்டை மாடியில் துணி காயப்போடும் கம்பிக்கு மேலே செம்புக் கம்பி கட்டி, சன்னல் வழியாக இறக்கி, ஏரியலில் சுற்றியிருந்தேன். அலை தூரியாடுவதுபோல வரும், போகும். ஒரு பாட்டின் முதல் அடி கேட்கும், இரண்டாவது அடியை சீன மொழி நிலையம் ஒன்று விழுங்கிவிடும், மூன்றாவது அடி மறுபடியும் வரும்.

பாட்டைக் கேசட்டில் பிடிக்க இரண்டு பெட்டிக்கும் நடுவே கம்பி இணைப்பு இல்லை. டிரான்சிஸ்டரின் ஒலிபெருக்கிக்கு முன்னால் ரிக்கார்டரை வைத்துப் பதிவு செய்ய வேண்டும். அதனால் மின்விசிறியை நிறுத்திவிடுவேன். மே மாத இரவில், மதுரையில், கதவைச் சாத்தி, விசிறியை நிறுத்தி அரை மணி நேரம். மூச்சைக்கூட மெதுவாக விடுவேன். பனியன் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். விரல் மட்டும் நிறுத்தும் பொத்தான் மேல்.

அப்படி 1985-ல் ஒரு இரவு நேப்பாம் டெத் குழுவின் ஒரு பாட்டு வந்தது. தொடங்கியதும் முடிந்துவிட்டது. அன்றைக்குப் பிடித்தது இன்றுவரை விடவில்லை.

பிப்ரவரி 5

ஜான் பீலின் நேயர்களைப் பற்றி விரிவாகக் கேட்டிருக்கிறீர்கள். வாக்கெடுப்பைச் சொல்கிறேன், அதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

1976 மே மாதம் பீல் ரமோன்ஸ் என்ற பங்க் குழுவின் முதல் தட்டை எடுத்து வரிசையாகப் பல பாடல்களைப் போட்டார். இனி இதைப் போடாதே என்று கடிதங்கள் வந்தன. அதைப் படித்த பிறகு இன்னும் நிறையப் போட்டார். ஒரே மாதத்தில் தன் நேயர்களின் சராசரி வயது பத்து ஆண்டு குறைந்துவிட்டது என்று பின்னாளில் பல முறை சொல்லியிருக்கிறார். இதை மிகைப்படுத்தல் என்று ஒதுக்கிவிட முடியாது. அந்த ஆண்டு இறுதியில் நேயர்கள் தேர்ந்தெடுத்த ஐம்பது பாடல் பட்டியலில் முதலிடம் லெட் ஸெப்பலின் என்ற பழைய ராக் குழுவின் எட்டு நிமிடப் பாட்டுக்கு. 1977-ல் வாக்கெடுப்பு இல்லை; பீலே பட்டியல் போட்டார். 1978-ல் மறுபடியும் வாக்கெடுப்பு நடந்தபோது முதலிடம் பங்க் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸின் முதல் பாட்டுக்கு. இரண்டே ஆண்டில் கேட்பவர் கூட்டமே மாறிவிட்டது. பழையவர்கள் சிலர் காதை மாற்றிக்கொண்டார்கள், மற்றவர்கள் எழுந்து போனார்கள், அந்த நாற்காலிகளில் அவர்களுடைய தம்பிகள் வந்து உட்கார்ந்தார்கள்.

அதே 1978 செப்டம்பர் 12 இரவு வட அயர்லாந்தின் டெர்ரி நகரத்து அண்டர்டோன்ஸ் குழுவின் முதல் தட்டைப் போட்டார். முடிந்ததும் முள்ளைத் தூக்கி மறுபடியும் தொடக்கத்தில் வைத்தார். பிபிசியில் ஒரே பாட்டை அடுத்தடுத்து இரண்டு முறை! பக்தி நேயரிடம் மட்டும் இருந்ததில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பிப்ரவரி 6

என் 3-ஆம் தேதிக் குறிப்பில் பிழை இருக்கிறது என்று சுட்டியவருக்கு நன்றி. நேப்பாம் டெத்தின் முதல் ஆல்பம் 1987-ல் வந்தது. பீலுக்காகப் பிபிசியின் மைடா வேல் ஸ்டுடியோவில் அவர்கள் முதல் முறை வாசித்ததும் 1987 செப்டம்பரில்தான். மற்றக் குழுக்கள் நான்கு பாடல்கள் வாசிக்கும் இடத்தில் இவர்கள் 12 பாடல்களை முடித்துவிட்டு எழுந்தார்கள். ஆக, 1985-ல் மதுரையில் நான் அதைக் கேட்டிருக்க வழியே இல்லை.

ஒன்று, ஆண்டு தவறு. அல்லது குழு தவறு. முப்பத்தைந்து ஆண்டுக்கு மேலாக எல்லோரிடமும் இதே கதையைச் சொல்லி வருகிறேன். என் மகளிடம் சொல்லியிருக்கிறேன். இது என்னை மிகவும் சங்கடப்படுத்துகிறது.

பிப்ரவரி 9

மூன்று நாளாக இதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்ததில், கேள்வி கேட்டவருக்குச் சொல்ல வேண்டிய சிறந்த பதில் பீலோ டிம் யோஹனனோ இல்லை என்று தோன்றுகிறது. மூடப்பட்ட ஒரு நிலையம்தான் அந்தப் பதில்.

வாஷிங்டன் நகரில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் டபிள்யு.ஜி.டி.பி, 90.1 பண்பலை. இயேசு சபையார் நடத்தும் பல்கலைக்கழகம். நிலையத்தை நடத்தியவர்களோ இடதுசாரி இளைஞர்கள். நகரில் வேறெங்கும் கேட்க முடியாத இசை அங்கே கேட்டது. நிர்வாகத்துக்கும் அவர்களுக்கும் ஆண்டுக்கணக்கில் இழுபறி. கடைசியில் 1979 ஜனவரியில் பல்கலைக்கழகம் அலைவரிசையை நகரின் இன்னொரு பல்கலைக்கழகத்துக்கு ஒரு டாலருக்குக் கொடுத்துவிட்டது. ஒரே ஒரு டாலர்.

அதை எதிர்த்து நிதி திரட்ட 1979 பிப்ரவரி 3-ஆம் தேதி அதே வளாகத்தின் ஹால் ஆஃப் நேஷன்ஸ் அரங்கில் கிராம்ப்ஸ் குழு வாசித்தது. நிலையத்தைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் 16 வயதுப் பையன் ஒருவன் நின்றான். இயன் மக்காய். அவன் பார்த்த முதல் பங்க் கச்சேரி அது. அதே ஆண்டு அவனும் நண்பர்களும் குழு அமைத்தார்கள். 1980 டிசம்பரில் அவர்களே தொடங்கிய டிஸ்கார்ட் இசைத்தட்டு நிறுவனத்தின் முதல் தட்டு வந்தது. அதன்பின் அவன் பாடிய மைனர் த்ரெட் குழு. அமெரிக்க ஹார்ட்கோரின் முக்கியமான கிளை ஒன்று இப்படித்தான் துளிர்த்தது.

அந்த அரங்கில் இருந்தவர்கள் யார் என்று நினைத்துப் பாருங்கள். தனித்தனி அறைகளில், தனித்தனிப் பெட்டிகளில் அதே நிலையத்தைக் கேட்டவர்கள். தெருவில் எதிரெதிரே நடந்தாலும் அடையாளம் தெரியாதவர்கள். நிலையம் உயிரோடு இருந்தவரை அவர்கள் ஒரே இடத்தில் கூட வேண்டிய தேவையே வரவில்லை. அதை மூடியபோதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

ஒரு டாலருக்குப் போன அந்த அலைவரிசையை 1997-ல் சி-ஸ்பேன் நிறுவனம் 1.3 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. இப்போது அதில் நாடாளுமன்ற உரைகள் கேட்கின்றன.

பிப்ரவரி 10

கேசட் பற்றி ஒரு சிறு சேர்க்கை. 1981-ல் பிரிட்டனின் இசைத்தட்டு நிறுவனங்கள் வீட்டில் பதிவு செய்வது இசையைக் கொல்கிறது என்று பிரசாரம் செய்தன. அதே ஆண்டு வந்த டெட் கென்னடிஸின் கேசட் ஒன்றில் பாடல்கள் எல்லாம் ஒரே பக்கத்தில். மறுபக்கம் வெறுமை. நீங்களே பதிவு செய்துகொள்ளுங்கள் என்று அதன்மேலேயே அச்சடித்திருந்தார்கள். வாரந்தோறும் வானொலியில் பேசிய பியாஃப்ராவுக்கு அந்தப் பக்கத்தில் நேயர்கள் எதைப் பதிவார்கள் என்று தெரியாமலா இருந்திருக்கும்?

பிப்ரவரி 12

ஏன் இந்த நிகழ்ச்சிகள் எல்லாம் நள்ளிரவை ஒட்டியே இருந்தன என்ற கேள்விக்கு: அமெரிக்காவில் அதற்கு ஒரு வழக்கும் காரணம். 1973-ல் நியூயார்க்கின் டபிள்யு.பி.ஏ.ஐ நிலையம் ஜார்ஜ் கார்லினின், கெட்ட வார்த்தைகள் நிறைந்த நகைச்சுவை உரையைப் பகலில் ஒலிபரப்பியது. ஒருவர் புகார் கொடுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1978 ஜூலையில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நிலையத்துக்கு எதிராகத் தீர்ப்பானது. அந்த நிலையமும் கே.பி.எஃப்.ஏ-வும் பசிஃபிகா என்ற ஒரே அறக்கட்டளையைச் சேர்ந்தவை. குழந்தைகள் விழித்திருக்கும் நேரத்தில் கெட்ட வார்த்தை கூடாது என்பது அதிலிருந்து எல்லா நிலையங்களையும் பிடித்துக்கொண்டது. ஹார்ட்கோர் பாட்டில் கெட்ட வார்த்தையை நீக்கினால் சில சமயம் குழுவின் பெயரே மிஞ்சாது.

இரவுக்குத் தள்ளியும் நிம்மதி இல்லை. 1987 ஏப்ரலில் சாண்டா பார்பராவில் மாணவர் நிலையம் ஒன்று இரவு பத்து மணிக்கு மேல் போட்ட பாட்டுக்காக அமெரிக்க ஒன்றியத் தகவல்தொடர்பு ஆணையத்திடம் எச்சரிக்கை வாங்கியது. அந்த அச்சத்தோடுதான் இருபது வயது மாணவர்கள் தட்டைச் சுழலவிட்டார்கள்.

மாணவர் நிலையங்களுக்கு இன்னொரு நெருக்கடியும் இருந்தது. 10 வாட் உரிமம் என்று ஒன்று 1948 முதல் கல்லூரிகளுக்குக் கிடைத்து வந்தது. அன்றைய மேசை விளக்குக்கே 40 வாட் வேண்டியிருந்தது. 10 வாட்டில் சில மைல் தூரம் இசையைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 1978-ல் புதிதாக அந்த உரிமம் தருவதை நிறுத்திவிட்டார்கள். சரியாக ஹார்ட்கோர் பிறக்கும் நேரத்தில்.

பிப்ரவரி 12, சற்று நேரம் கழித்து

10 வாட் பற்றி எழுதி முடித்ததும் ஒன்று உறைத்தது. கேள்வி கேட்டவர் சொன்னதில் பாதி சரிதான்.

சில மைலோடு ஒலி நின்றுவிடுகிறது. 59,000 வாட்டும் எங்கேயோ ஒரு மலையில் மோதி நின்றுவிடும். அதற்கு அப்பால் இருந்தவர்களுக்கு யார் கொண்டுபோனார்கள்? சிறுபத்திரிகையும் தபாலும். ‘மேக்ஸிமம் ராக்கன்ரோல்’ இதழில் அந்தந்த வாரம் ஒலிபரப்பிய பாட்டுகளின் பட்டியலை அச்சிடுவார்கள். நிகழ்ச்சியைக் கேட்கவே முடியாத ஊரில் இருப்பவன் பட்டியலை மட்டும் படித்து, இந்தப் பெயருள்ள குழு எப்படி ஒலிக்கும் என்று மனத்துக்குள் கட்டிப்பார்ப்பான். நானும் அப்படிப் படித்திருக்கிறேன், 1991-ல், கப்பலில் வேலை பார்த்த நண்பன் கொண்டுவந்த ஒரே ஒரு பழைய இதழை. பட்டியலில் இருந்த பெயர்களில் பாதியை இன்றுவரை கேட்டதில்லை. ஆனால் அவை எப்படி ஒலிக்கும் என்று எனக்கு ஒரு தீர்மானம் உண்டு.

எனவே 2-ஆம் தேதி நான் எழுதிய “முற்றிலும் தவறு” என்பதைத் திரும்பப் பெறுகிறேன். “வானொலிக்குப் பங்கே இல்லை” என்பது மட்டும் தவறு.

பிப்ரவரி 15

டிம் யோஹனனை நான் தூக்கிவைத்துப் பேசுவதாக ஒரு குறை வந்திருக்கிறது. அவரோடு முரண்பட்டவர்கள் நிறையப் பேர் உண்டு. எது பங்க், எது பங்க் அல்ல என்று அவர் பிடித்த பிடி மிகக் கடுமையானது. 1990-களின் நடுவில் அந்தக் கோட்டுக்கு வெளியே விழுந்த குழுக்களின் தட்டுகளுக்குப் பத்திரிகையில் மதிப்புரைகூடக் கிடையாது என்றார். வெறுத்துப்போனவர்கள் தனியாக வேறு பத்திரிகைகள் தொடங்கினார்கள். எனக்கும் அதில் உடன்பாடில்லை. வாசலைத் திறந்துவைத்த மனிதரே தாழ்ப்பாள் போட்டது வருத்தம்தான்.

ஆனால் அந்தப் பச்சை நாடாவை நினைத்தால் மனம் இளகிவிடுகிறது. அவருடைய தட்டுச் சேகரிப்பில் ஒவ்வோர் உறையின் ஓரத்திலும் பச்சை நிற ஒட்டுநாடா ஒட்டப்பட்டிருக்கும். உறை கிழியாது, தட்டு வேறு யார் வீட்டுக்குப் போனாலும் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். அலமாரியின் படத்தைப் பார்த்திருக்கிறேன். வயல் வரப்பு மாதிரி பச்சைக் கோடுகள். சேகரிப்பு பல்லாயிரம் தட்டுகளாகப் பெருகியது. சந்தை விலையில் பார்த்தால் நாடா ஒட்டிய கணமே உறை கெட்டுவிட்டது. அவர் விற்க வைத்திருக்கவில்லை. திரும்பத் திரும்ப எடுத்து ஒலிக்கவிட வைத்திருந்தார். 1998 ஏப்ரல் 3-ஆம் தேதி புற்றுநோயில் இறந்தார். நிகழ்ச்சியும் பத்திரிகையும் அவரோடு நின்றுவிடவில்லை. அச்சு இதழ் 2019 வரை வந்தது.

பிப்ரவரி 22

மதுரை வீட்டுக்குப் போயிருந்தேன். கேசட் கிடைத்தது, ஆனால் அதன் மேல் யாரோ சஷ்டி கவசம் பதிவு செய்திருக்கிறார்கள். கோபம் வரவில்லை. அந்த வீட்டில் வெற்றுக் கேசட் என்பது அப்போது அபூர்வப் பொருள்.

ஆனால் நோட்டு கிடைத்தது. அப்போது நான் சிற்றலை வேட்டைக்காரன். எந்த நிலையம், எத்தனை மீட்டர், எவ்வளவு தெளிவு என்று குறித்து, அந்தந்த நிலையத்துக்குக் கடிதம் போடுவது பொழுதுபோக்கு. அதற்கு ‘சின்போ’ என்று ஐந்து இலக்கக் கணக்கு உண்டு. ஒலியின் வலு, பிற நிலையக் குறுக்கீடு, இரைச்சல், அலையின் ஏற்ற இறக்கம், மொத்தத் தரம். ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எவ்வளவு என்று போட வேண்டும். பீலின் நிகழ்ச்சிக்கும் வாரந்தோறும் அதைத்தான் எழுதியிருக்கிறேன். பாட்டின் பெயர்கள் அபூர்வம். பக்கம் பக்கமாக வெறும் எண்கள்.

ஆண்டு 1988. ஆகவே 1985 என் நினைவின் பிழை. குழு நேப்பாம் டெத்தாக இருந்திருக்கலாம். நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. அந்த வாரத்தின் வரியை உள்ளபடியே எடுத்து எழுதுகிறேன்:

“31 மீட்டர். 3 2 2 2 2. நடுவில் ஒரு நிமிடம் கடும் இரைச்சல். குறுக்கீடா, பாட்டா தெரியவில்லை. முடிந்ததும் அறிவிப்பாளர் பெயர் சொன்னார், அலை போய்விட்டது. பாட்டுதான்.”

கடைசிச் சொல் வேறு மையில் இருக்கிறது. பிறகு எப்போதோ திரும்பி வந்து எழுதியிருக்கிறேன். அடுத்த வாரத்து வரி:

“31 மீட்டர். 4 4 3 3 4. நல்ல தெளிவு. அது வரவில்லை.”

அதற்கடுத்த ஐந்து வாரங்களிலும் எண்களுக்குப் பக்கத்தில் அதே இரண்டு சொற்கள்: “அது வரவில்லை.”